பதறாத கால் சிதறாது

பட்டிமன்றத் தலைப்பு: கிளிமாஞ்சாரோ மலையேறச் சிறந்தது குறுகிய வழியா? நீண்ட வழியா?
'நீண்ட வழியே!' என்ற அணியின் இரண்டாவது பேச்சு

சிரிக்க வைத்துக்கொண்டே சிந்திக்கவும் வைக்கிற நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எங்கள் அணித் தலைவர் அவர்களே! தோற்பது உறுதி என்று தெரிந்தும் சிரித்த முகத்தோடு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் பண்டிகைப் பலகாரத்தோடு அமர்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே!

கிளிமாஞ்சாரோ என்றால் நம்ம ஜனங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது 2010-ல வந்த 'எந்திரன்' படத்துப் பாட்டு. பாட்டுல வர்ற பேரு ஆப்பிரிக்கா மலை. ஆனா படம் பிடிச்சது தென் அமெரிக்காவிலே, பெரு நாட்டு மச்சு பிச்சுவிலே! சினிமாக்காரங்களே வழி மாறிப் போயிட்டாங்க. (சிரிப்பு) அதனாலதான் ஐயா, இன்னிக்கு நாம உட்கார்ந்து வழி சொல்ல வேண்டியதாப் போச்சு.

நடுவர்: வழி சொல்றது இருக்கட்டும். நீங்க அந்த மலை ஏறியிருக்கீங்களா?

ஏறல ஐயா. ஏறினவங்ககிட்ட உட்கார்ந்து கதை கேட்டிருக்கேன். போன பண்டிகைக்கு மாமியாரா மருமகளான்னு இதே மேடையிலே தீர்ப்புச் சொன்னீங்களே, நீங்க என்ன, ரெண்டாவும் இருந்து பார்த்துட்டா சொன்னீங்க? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

விஷயத்துக்கு வர்றேன். கிளிமாஞ்சாரோ தான்சானியா நாட்டிலே இருக்கு. உயரம் 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலை. உச்சிக்குப் பேர் உஹுரு. சுவாஹிலி மொழியிலே விடுதலைன்னு அர்த்தம். கயிறு கட்டித் தொங்க வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம். நடக்கத் தெரிஞ்சாப் போதும், ஏறலாம். ஆனா நினைச்சவன் நினைச்சபடி தனியா ஏற முடியாது. உரிமம் வாங்கின வழிகாட்டியோடதான் போகணும். ஆகவே யாரோட போறது, எந்த வழியிலே போறது, எத்தனை நாள்லே போறது, இதுதான் கேள்வி.

வழிகள் பல இருக்கு. கிழக்கே மராங்கு. தெற்கே மச்சாமே. மேற்கே லெமோஷோ. வடக்கே கென்யா எல்லையை ஒட்டி ரோங்காய். நெட்டுக்குத்தா ஏறுற உம்ப்வே. மலையை வடக்குப் பக்கமா வளைச்சுக்கிட்டுப் போற வடக்குச் சுற்று. 5 நாள்லேயும் முடிக்கலாம், 9 நாளும் எடுத்துக்கலாம். அஞ்சா, ஒன்பதா? இதுதான் இன்னிக்கு வழக்கு.

எதிரணியிலே முதல்ல பேசின சகோதரி என்ன சொன்னாங்க? "மராங்கு வழியிலே போனா கூடாரம் வேண்டாம், குடிசை இருக்கு, கட்டில் இருக்கு, 5 நாள்லே முடிச்சுட்டு சீக்கிரமா வீட்டுக்கு வந்துடலாம்"னு சொன்னாங்க. ஏம்மா, சீக்கிரமா வீட்டுக்கு வரணும்னா கிளம்பாமலே இருந்திருக்கலாமே! (சிரிப்பு)

கட்டில் இருக்கு, மறுக்கல. அந்தக் கட்டில் எந்த உயரத்திலே கிடக்குன்னு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? முதல் ராத்திரி மந்தாரா குடிசை, சுமார் 2,720 மீட்டர். நம்ம தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி. அது 2,695 மீட்டர். அதாவது நம்ம ஊர் மலை முடியிற இடத்துக்கும் மேலேதான் அங்கே முதல் நாள் பாயையே விரிக்கிறான்! ரெண்டாம் ராத்திரி ஹொரொம்போ, சுமார் 3,720. மூணாம் ராத்திரி கிபோ, சுமார் 4,720. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஆயிரம் மீட்டர் ஏத்தம். அந்த மூணாம் ராத்திரியாவது தூங்குறானா? நடுராத்திரியிலே எழுப்பி, தலையிலே விளக்கை மாட்டி, "வா, உச்சிக்குப் போகலாம்"னு கூட்டிட்டுப் போயிடுறாங்க. படுத்தான்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான்.

மலை மருத்துவம் படிச்ச டாக்டருங்க என்ன சொல்றாங்க? 3,000 மீட்டருக்கு மேலே போயிட்டா, படுக்கிற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேலே கூட்டாதே. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரு நாள் கூட்டாமலே இருங்கறாங்க. எதிரணி வழியிலே அந்த 500 ஆயிரமாகுது. ரெட்டை மடங்கு! வட்டியிலே ரெட்டை மடங்குன்னா கந்துவட்டின்னு சொல்றோம். உடம்புகிட்ட கந்துவட்டி வாங்கலாமா ஐயா? (கைதட்டல்)

ஏன் இந்த எச்சரிக்கை? மேலே போனா ஆக்ஸிஜன் குறைஞ்சு போகும்னு எல்லாரும் சொல்றோம். உண்மையிலே காத்திலே ஆக்ஸிஜனோட பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். குறையறது காத்தோட அழுத்தம். உச்சியிலே அது கடற்கரையிலே இருக்கிறதிலே ஏறக்குறைய பாதி. மூணாவது மாடியிலே குடியிருக்கிறவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. குழாயும் இருக்கு, தண்ணியும் இருக்கு, பிரஷர்தான் இல்லை! (சிரிப்பு) அந்தப் பாதிக் காத்துக்கு உடம்பு பழகணும். மூச்சு கூடணும், ரத்தத்திலே மாறுதல் வரணும். அதுக்கு உடம்பு கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: நாள்.

நீண்ட வழிக்காரங்க அந்த நாளை எப்படிக் கொடுக்கறாங்க? மச்சாமே வழியை எடுத்துக்குங்க. 7 நாள். மூணாம் நாள் லாவா டவர்னு ஒரு பெரிய எரிமலைப் பாறை வரைக்கும் ஏத்துறாங்க. 4,600 மீட்டர். அங்கேயே படுக்க விடறாங்களா? இல்லை. அன்னிக்கே கீழே இறக்கி, 4,000 மீட்டருக்கும் கொஞ்சம் கீழே இருக்கிற பரான்கோ முகாமிலே தூங்க வைக்கிறாங்க. பேராசிரியர் அண்ணன் கேலி பண்ணினார்: "காசையும் கொடுத்து, ஏறின மலையை இவனே இறங்குறானாம்"னு. அண்ணே, வெந்நீர் விளாவிக் குளிக்கப் போனா என்ன செய்வீங்க? எடுத்த எடுப்பிலே அண்டாவைத் தூக்கித் தலையிலே கவிழ்ப்பீங்களா? ஒரு சொம்பு காலிலே, ஒரு சொம்பு முதுகிலே, அப்புறம்தானே தலை! மலை ஏறுறவன் பகல்லே உயரத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கணும், ராத்திரி கீழே வந்து தூங்கணும். இதுதான் அந்த இறக்கத்தோட ரகசியம்.

மறுநாள் காலையிலே பரான்கோ சுவர். சுமார் 250 மீட்டர் உயரம். கையும் காலும் ஊன்றி ஏறணும். அதிலே ஒரு இடத்திலே பாறையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, முகத்தைப் பாறையோட ஒட்ட வெச்சுத்தான் கடக்க முடியும். அதுக்கு முத்தப் பாறைன்னே பேர். வீட்டுக்காரிக்குக் கல்யாண நாள் ஞாபகம் இல்லாதவன்கூட அந்தப் பாறையை மறக்க மாட்டான்! (சிரிப்பு) அதுக்கப்புறம் காரங்கா முகாம், அதுக்கப்புறம் பராஃபு முகாம், அங்கேயிருந்து உச்சி. லெமோஷோ வழியிலே 8 நாள் எடுத்துக்கிட்டா, மேற்கே காட்டுக்குள்ளே புகுந்து, ஷிரா பீடபூமியை நிதானமாக் கடந்து, பிறகு இந்தப் பாதையோட சேரலாம். போன வழியிலேயே திரும்புறது மராங்கு. இங்கே ஏறுறது ஒரு பக்கம், இறங்குறது ம்வேக்கா என்ற இன்னொரு பக்கம். ஒரே மலையிலே காடு, புதர், பாறை, பாலைவனம், பனின்னு ஒரு உலகத்தையே பார்த்துட்டு வரலாம்.

நடுவர்: மராங்குவிலேயும் 6 நாள் எடுத்துக்கிட்டா நல்லதுன்னு எதிரணியிலே சொன்னாங்களே, அதுக்கு என்ன பதில்?

நல்லா எடுத்துக் கொடுத்தீங்க ஐயா. ஹொரொம்போவிலே கூட ஒரு நாள் தங்கி, மேலே நடந்து பார்த்துட்டு, மறுபடி அங்கேயே வந்து தூங்கினா நல்லதுன்னு சொன்னாங்க. ரொம்ப நல்லது. ஆனா நாளைக் கூட்டினா நல்லதுங்கறது யாரு கட்சி? எங்க கட்சி! தேர்தல் முடியறதுக்கு முன்னாலேயே அணி மாறிட்டாங்க! (பலத்த கைதட்டல்)

அடுத்து பேராசிரியர் அண்ணன் ஒரு பெரிய அஸ்திரம் போட்டார். கார்ல் எக்லாஃப் என்பவர் 2014-லே இந்த மலையை ஓடியே ஏறி இறங்கினார், மொத்தம் 6 மணி 42 நிமிஷம்னு சொன்னார். உண்மைதான். ஆனா அவர் யாரு? ஈக்வடார் நாட்டிலே கித்தோ நகரத்திலே பிறந்தவர். அந்த ஊரே 2,850 மீட்டர் உயரத்திலே இருக்கு. தொழிலே மலை வழிகாட்டி. அவரைக் காட்டி, தாம்பரத்திலே மின்சார ரயிலுக்கு மாடிப்படி ஏறுறதுக்கே மூச்சு வாங்குற நம்மளைப் பார்த்து "நீயும் ஓடு"ன்னா எப்படி? மீன் நீந்துதுன்னு பூனையைக் கிணத்திலே தள்ளலாமா? (சிரிப்பு) இன்னொண்ணும் சொல்றேன். இளவட்டம், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போறவன், கட்டுமஸ்தான ஆளு, இவனுக்கெல்லாம் மலை நோய் வராதுன்னு எண்ணம். தப்பு. உடம்பிலே பலம் இருக்கிறதும், உயரத்துக்கு உடம்பு பழகுறதும் வேற வேற. பலசாலி வேகமா ஏறுவான், வேகமா ஏறுறதாலேயே முதல்ல படுப்பான்.

"மாத்திரை இருக்கே"ன்னு சகோதரி சொன்னாங்க. டயமாக்ஸ். உடம்பு பழகுறதை அந்த மாத்திரை கொஞ்சம் சீக்கிரப்படுத்தும், சரி. டாக்டரைக் கேட்டுத்தான் போடணும், எல்லாருக்கும் ஒத்துக்காது. ஆனா மாத்திரை நாளுக்கு உதவியா நிக்கும், நாளுக்குப் பதிலா நிக்காது. தோசை மாவு சீக்கிரம் புளிக்கட்டும்னு கொஞ்சம் பழைய மாவு சேர்க்கறோம். அதுக்காக அரைச்ச கையோட தோசை வார்க்க முடியுமா?

அப்புறம் ஒரு புராணத்தை எடுத்துவிட்டாங்க. "பிள்ளையார் குறுக்கு வழியிலே அம்மா அப்பாவைச் சுத்தி மாம்பழத்தை வாங்கினாரு, முருகன் உலகத்தைச் சுத்தி ஏமாந்தாரு"ன்னு. ஐயா, நல்லா யோசிச்சுப் பாருங்க. மாம்பழம் யாருக்குக் கிடைச்சுது? பிள்ளையாருக்கு. மலை யாருக்குக் கிடைச்சுது? சுத்திப் போன முருகனுக்கு! இன்னிக்கு நாம பேசுறது மாம்பழத்தைப் பத்தியா, மலையைப் பத்தியா? (நீண்ட கைதட்டல்)

இனிமே சிரிப்பை ஒதுக்கி வெச்சுட்டு, பணத்துக்கு வர்றேன். நீண்ட வழிக்குச் செலவு கூட. ஒத்துக்கிறேன். பூங்காக் கட்டணமே நாள் கணக்கிலேதான் வாங்குறாங்க. ஆனா விமானச் சீட்டு, விசா, குளிருக்குத் துணிமணி, இதெல்லாம் 5 நாளுக்கும் ஒரே செலவுதான், 8 நாளுக்கும் ஒரே செலவுதான். நடுத்தரக் குடும்பத்திலே ஒருத்தர் வருஷக்கணக்கிலே சேர்த்து வெச்ச பணம் அது. கடைசி ரெண்டு நாளுக்குக் கணக்குப் பார்த்து, பாதியிலே திரும்பி வந்தா, மிச்சம் பிடிச்சது எவ்வளவு, போனது எவ்வளவு?

மலிவா கூட்டிட்டுப் போறேன்னு சொல்றவங்க எங்கே குறைக்கிறாங்கன்னும் பாருங்க. ஒருத்தர் மலை ஏறினா அவருக்காக மூணு நாலு பேர் சுமை தூக்குறாங்க. கூடாரம், அடுப்பு, அரிசி, காய்கறி, எல்லாம் அவங்க தலையிலே. ஒருத்தருக்கு 20 கிலோவுக்கு மேலே ஏத்தக் கூடாதுங்கறது விதி. அவங்களுக்கு ஒழுங்கான கூலி, சாப்பாடு, குளிருக்கு உடுப்பு கிடைக்கணும்னு 2003-லேயிருந்து ஒரு தனி அமைப்பே பாடுபட வேண்டியிருக்கு. நம்ம பயணத்தைக் குறைஞ்ச விலைக்கு வாங்கினா, பல சமயம் அந்தக் குறைஞ்ச விலையைச் சுமக்கிறதும் அதே தலைதான். அவங்களுக்கும் தலை வலிக்கும், அவங்களுக்கும் மூச்சு முட்டும். அவங்க வீட்டிலேயும் பிள்ளைங்க வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

ஐயா, இந்த வழக்கிலே உண்மையான பிரச்சினை உச்சி கூட இல்லை. திரும்பி வர்றது. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். ஒரே பையன், இருபத்தாறு வயசு. சம்பளத்திலே மிச்சம் பிடிச்சு, 5 நாள் ஏற்பாட்டிலே கிளம்பினான். ரெண்டாம் நாள் சாயங்காலம் தலைவலி. வழிகாட்டி கேட்டாரு, "இல்லை"ன்னு சொன்னான். மூணாம் நாள் வாந்தி. கூடாரத்துக்குப் பின்னால, இல்லையில்லை, குடிசைக்குப் பின்னால போய் யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்து, "சாப்பாடு ஒத்துக்கல"ன்னான். ஏன் மறைச்சான்? பொய் சொல்ற பையன் இல்லை ஐயா அவன். உண்மையைச் சொன்னா ஓய்வுக்கு ஒரு நாள் வேணும். அந்த ஏற்பாட்டிலே ஓய்வுக்கு நாளே கிடையாது. சொன்னா இறங்கணும், சொல்லாட்டி ஏறணும். நடுவிலே ஒரு வழி இல்லை. அந்த நடு வழிக்குப் பேர்தான் நீண்ட வழி! (கைதட்டல்)

அன்னிக்கு ராத்திரி கிளம்புற நேரத்திலே வழிகாட்டி அவன் நடையைப் பார்த்தாரு. கால் பின்னுது. கோடு போட்ட மாதிரி, குதிகாலும் விரலும் தொடத் தொட நடந்து காட்டுன்னு சொன்னாரு. அவனால முடியல. மறுபேச்சுப் பேசாம அந்த இருட்டிலேயே ரெண்டு பேர் தாங்கிக் கீழே இறக்கினாங்க. மலை நோய் முத்தி மூளையிலே நீர் கோத்துக்கிட்டா தள்ளாட்டம் வரும், குழப்பம் வரும். நுரையீரல்லே கோத்துக்கிட்டா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். ரெண்டும் உயிரை எடுக்கும். ரெண்டுக்கும் முதல் மருந்து, உடனே கீழே இறங்குறது. இறங்கினான், பிழைச்சான். அவங்க அம்மா என்கிட்ட சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "உச்சிக்குப் போகலைன்னு அவன் அழுதான். வந்துட்டானேன்னு நான் அழுதேன்." (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

ஆகவே கிளம்பப் போற பிள்ளைகளுக்குச் சொல்றேன். ஏற்பாடு செய்யறவங்ககிட்ட விலையைக் கேக்கறதுக்கு முன்னால நாலு கேள்வி கேளுங்க. ஒண்ணு, மலை மேலே எத்தனை ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்திலே? ரெண்டு, அவசரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் எடுத்துட்டுப் போறீங்களா, தினமும் விரலிலே ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்ப்பீங்களா? 2020, 2021 கொரோனா காலத்திலே வீட்டுக்கு வீடு வாங்கி வெச்சோமே, அதேதான். மூணு, ஒருத்தர் இறங்க வேண்டி வந்தா அவரோட இறங்கத் தனி வழிகாட்டி உண்டா? நாலு, சுமை தூக்குறவங்களுக்கு என்ன கூலி? இதுக்கு முகம் சுளிக்காமப் பதில் சொல்றவங்களோட போங்க. மாசத்தையும் பாருங்க. ஜனவரி, பிப்ரவரியும், ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் மழை குறைச்சல். ஏப்ரல், மே மாசத்திலே கொட்டித் தீர்த்துடும்.

அந்த மலையை முதன்முதலா ஏறினதாப் பதிவு பண்ணினவர் ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மன்காரர். 1887-லே முயற்சி பண்ணினார், பனி தடுத்தது, திரும்பினார். 1888-லே போனார், அங்கே நடந்த கலகத்திலே சிக்கிக்கிட்டார். 1889-லே மூணாவது தடவை, லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற மலையேறியோட போனார். இந்தத் தடவை என்ன செய்தார்? வழி நெடுக முகாம் போட்டு, உணவைச் சேர்த்து வெச்சு, மலை மேலேயே தங்கித் தங்கி முயற்சி பண்ணினார். உச்சி கிடைச்சுது. முதல் ஆளுக்கே நாள் கொடுத்தவனுக்குத்தான் மலை இடம் கொடுத்திருக்கு!

அங்கே வழிகாட்டிகள் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஒரே மந்திரம் சொல்லிக்கிட்டே வருவாங்க: "போலே, போலே." மெதுவா, மெதுவான்னு அர்த்தம். அதைத்தான் நம்ம பாட்டிமார்கள் 'பதறாத காரியம் சிதறாது'ன்னு சொன்னாங்க. நம்ம ஐயப்ப பக்தர்களைக் கேளுங்க. பம்பையிலேருந்து சின்ன பாதையும் இருக்கு, எருமேலியிலேருந்து பெரிய பாதையும் இருக்கு. நடந்து அலுத்தவங்க கூட "பெரிய பாதை போயிட்டு வந்தேன்"னு சொல்லும்போது அந்த முகத்திலே ஒரு நிறைவு தெரியும். அதைச் சின்ன பாதைக்காரங்களே கையெடுத்துக் கும்பிடுவாங்க.

ஆகவே நடுவர் அவர்களே! உடம்புக்கு நாள் கொடுப்பது நீண்ட வழி. தலைவலி வந்தால் வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுப்பது நீண்ட வழி. மலையை முழுசாகக் காட்டி, போன பிள்ளையை முழுசாக வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது நீண்ட வழி. கிளிமாஞ்சாரோ ஏறச் சிறந்தது நீண்ட வழியே, நீண்ட வழியே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

நடுவர்: நீண்ட வழிக்காகப் பேசினவரு, மணி அடிச்ச பிறகும் நீண்ட நேரமாப் பேசித் தன் கட்சியை நிரூபிச்சுட்டுப் போறாரு! (சிரிப்பு) அடுத்து, குறுகிய வழி அணியிலேருந்து வர்றவரு குறுகலாப் பேசுவாருன்னு நம்பி அழைக்கிறேன்.